க்ளிஃப் ஆட்டம் பார்க்கிறார்

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்ததும் க்ளிஃப் ஹார்க்கர் கவுன்ட்டரை ஒட்டிய பித்தளைக் கம்பியை இடக்கையால் தொடுகிறார். கம்பி முடிகிற இடத்தில் திரும்பி நான்கு தப்படி. நாற்காலியின் முதுகு கைக்கு அகப்பட்டதும் தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்து, "மோரீன், வந்துட்டேம்மா" என்று குரல் கொடுக்கிறார். சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணி. ஹல் நகரத்து 'மூன்று நங்கூரம்' பப்பின் டிவியில் எங்கள் அணியின் ரக்பி ஆட்டம் தொடங்க இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. முன்பெல்லாம் நேராக நடந்து வருவார். இரண்டு வருடமாகத்தான் இந்தக் கம்பி விவகாரம். வயதாகிறது, பிடிமானம் தேடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

வயது எழுபத்தெட்டு. மீன்பிடிக் கப்பல்கள் வந்து நின்ற காலத்தில் துறைமுகத்தில் மீன் இறக்கியவர். சூடான உருளைக்கிழங்கு சிப்ஸின் மேல் சிவப்பு மசாலாத் தூள் கண்ணை உறுத்துகிற அளவுக்கு வேண்டும். ஆட்டத்துக்கு முன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் மூன்று தரம் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மாட்டிக்கொள்வார். நம் ஆள் கோட்டைத் தாண்டினால் பப்பே எழுந்து கத்தும்; க்ளிஃப் அரை மூச்சு பிந்திக் கத்துவார். பக்கத்து நாற்காலி ட்ரெவர் சும்மா இருப்பானா? "பெருசு, உன் வீட்டுக்குச் சேதி தபால்லதான் வருமா?" என்பான். பேருந்து ஓட்டுகிறவன், வாயில் நல்ல வார்த்தை வந்து நான் கேட்டதில்லை.

பப்பின் சுவர் முழுக்கப் பழைய படங்கள். புது ஆட்கள் வந்தால், படத்தின் கதையைச் சொல்லச் சொல்லி, பப்பை நடத்துகிற மோரீன் க்ளிஃபைக் காட்டிவிடுவாள். குளிர்காயும் கணப்பை ஒட்டி இருக்கும் படத்தில் ஒரு மீன்பிடிக் கப்பலின் இருபது ஆட்கள். இடமிருந்து மூன்றாவது, க்ளிஃபின் அண்ணன் லென். ஒரு ஜனவரியில் ஐஸ்லாந்துப் பக்கம் போன கப்பல் அப்படியே போய்விட்டது. கப்பல் கிளம்புகிற நாளில் வீட்டில் துணி துவைத்தால் ஆளைக் கடல் அடித்துக்கொண்டு போய்விடும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. லென் கிளம்பியது புதன்கிழமை. அன்றைக்குத் தன் சட்டையை அலசிக் காயப்போட்டது க்ளிஃப்தான். இன்றைக்கும் புதன்கிழமை அவர் வீட்டில் ஒரு கைக்குட்டைகூட நனையாது.

மனைவி இல்லை. ஒரே மகள் ஜில்லியன் நார்விச்சில் இருக்கிறாள். "கண்ணு கொஞ்சம் மங்குச்சுன்னு தெரிஞ்சாப் போதும், ஹோம்ல கொண்டுபோய்ச் சேர்த்துருவா. அங்க ரக்பின்னா எந்த ஊர்னு கேப்பானுங்க" என்று ஒரு தரம் என்னிடம் சொன்னார். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று சிரித்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

நவம்பரில் மோரீன் சுவருக்கு வெள்ளையடித்து, படங்களை இடம் மாற்றி மாட்டினாள். அந்தச் சனிக்கிழமை ஒரு இளம் தம்பதி வந்தார்கள். க்ளிஃப் எழுந்து, கணப்பின் மேல்விளிம்பில் கைவைத்து, வழக்கமான இடத்தில் நின்றார். வழக்கமான உயரத்தில் விரல் போயிற்று. "இருபது பேரு. சின்னப் பசங்க. ஒருத்தன்கூடத் திரும்பி வரலம்மா. மூணாவது நிக்கிறது எங்க அண்ணன்."

விரல் இருந்தது ரக்பி அணியின் மேல். பதின்மூன்று பேர், சேற்றுக் காலோடு, கோப்பையைத் தூக்கிப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் படத்தைப் பார்த்தாள், கணவனைப் பார்த்தாள். அந்தப் பித்தளைக் கம்பி எதற்கென்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"ஆமாமா, திரும்பி வரல. அந்தக் கோப்பையும்தான் அதுக்கப்புறம் இந்த ஊருக்குத் திரும்பி வரல" என்றான் ட்ரெவர். இரண்டொருவர் சிரித்தார்கள். க்ளிஃபின் விரல் சட்டத்தின் மேலேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு, "சிப்ஸ் ஆறிடும்" என்று திரும்பிவிட்டார்.

திங்கட்கிழமை காலை நான் போனபோது மோரீன் ஸ்டூல் மேல் நின்று படங்களைக் கழற்றிக்கொண்டிருந்தாள். "புது இடம் எடுப்பா இல்ல. ஸ்டூலைப் பிடி" என்றாள். எல்லாம் பழைய ஆணிக்கே போயின.

"ஜில்லியனுக்குச் சொல்ல வேண்டாமா?" என்று கேட்டேன்.

"நீ சொல்லு. எனக்கு வாய் வராது."

எனக்கும் வரவில்லை. தினமும் அவர் கடக்கிற சாலையில் இரட்டைமாடிப் பேருந்துகள் பறக்கின்றன. நாங்கள் செய்வது நல்லதா, துரோகமா என்று தெரியவில்லை. மழை நாளில் பிரேக் சத்தம் கேட்டால் எனக்குப் பயமாக இருக்கிறது.

போன சனிக்கிழமையும் மழை. கம்பி, திருப்பம், நான்கு தப்படி. உட்காரும் முன் கணப்புப் பக்கம் போய், கப்பல் படத்தின் சட்டத்தைத் தடவினார். கீழ்மூலையில் ஒரு பழைய உடைசல் உண்டு. அதைக் கட்டைவிரலால் இரண்டு தரம் தொட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

ஆட்டம் தொடங்கியது. ட்ரெவரும் தொடங்கினான். "இடப்பக்கம் போறான் பாரு நம்ம ஏழாம் நம்பர். எவனைத் தேடுறான்? குடுத்துட்டான். கோட்டுக்கு அஞ்சு கஜம்தான். விழுந்துட்டான், தண்டம். பந்து அவனுங்க கைக்குப் போச்சு." திட்டுகிற சாக்கில் ஒரு பந்தை விடாமல் சொல்லிக்கொண்டே போனான். மோரீன் கிளாஸ் துடைப்பதை நிறுத்திவிட்டாள்.

"ட்ரெவர்" என்றார் க்ளிஃப். "நீ எப்பலேருந்துடா இவ்வளவு பேச ஆரம்பிச்சே?"

"வயசாகுது பெருசு. வாய் நிக்க மாட்டேங்குது."

நாங்கள் பதினெட்டுப் புள்ளி பின்னால் இருந்தோம். க்ளிஃப் கண்ணாடியைக் கழற்றினார். கை சட்டை நுனிக்குப் போகும் என்று பார்த்தேன்; போகவில்லை. துடைக்காமலே மடித்து, கோட்டின் உள்பையில் வைத்துப் பொத்தானைப் போட்டுவிட்டு, நாற்காலியை இழுத்து ட்ரெவரின் பக்கம் காதைக் கொடுத்தார்.