ரீவ் என்ற பெயர் எங்களுக்கு எப்படி வந்தது?

இதை யாரும் ஷேர் பண்ண வேண்டாம்.

இன்று பீடோங் கடையில் மீ கோரெங் நூடுல்ஸ் சாப்பிடும்போது, இங்கிலாந்திலிருந்து முன்பின் தெரியாத ஒருவர் மெசேஜ் அனுப்பினார்.

"உங்கள் குடும்பப் பெயரும் ரீவ், என்னுடையதும் ரீவ். எழுநூறு வருடங்களுக்கு முந்தைய என் முன்னோர்வரை தேடிப் பிடித்துவிட்டேன். பிரபுவின் நிலத்தில் ஆட்களை வேலை வாங்கியவருக்கு அந்தக் காலத்தில் அதுதான் பெயர். உங்களுக்கு எப்படி வந்தது?"

அட, நம் கங்காணி! சிரித்துக்கொண்டே அப்பாவுக்கு ஃபோன் போட்டேன்.

அப்பா சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தி, அடையாள அட்டையைப் பற்றிக் கேட்டார்.

"ஐசி நம்பர் ஏதும் குடுத்திட்டியாம்மா?"

"இல்லப்பா. ஏன்?"

"தாத்தாவுக்குப் பொறந்ததுக்கு சூராட்டே, பத்திரமே இல்லலா. எஸ்டேட் ஆபீஸ் கிராணிதான் ரீவ் தொரை பேரையும் சேத்து எழுதி, இங்கதான் பொறந்தாருன்னு சொல்லி ஐசி எடுத்துக் குடுத்தாரு. அத வச்சுத்தான் நம்ம எல்லாருக்கும் ஐசி. இப்ப யாராச்சும் தோண்டினா?"

மீ ஆறிப்போய்க் கிடக்கிறது.

எழுநூறு வருடம் தோண்டிய மனிதருக்குப் பயமே இல்லை. எனக்குத் தாத்தாவைத் தொடவே உதறுகிறது.

அந்த இங்கிலாந்துக்காரர் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி இன்னும் எரிகிறது. என்ன பதில் போட? வீட்டில் எல்லாருக்கும் சூராட் சரியாக இருக்கிறவர்கள் மட்டும் சொல்லுங்கள்.