ஓரமா அக்கா

மடக்கு நாற்காலியை விரித்து, வேலை செய்பவரின் வலது தோளுக்குப் பின்னால் ஒரு முழம் தள்ளிப் போட்டுக்கொள்கிறார். "நீங்க உங்க வேலையப் பாருங்க. நான் ஓரமா உக்காந்துக்கறேன்." பிறகு மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, திரையைப் பார்க்காமல், முன்னால் இருப்பவரின் கைகளைப் பார்க்கத் தொடங்குகிறார். ஒரு நாள் முழுக்க. கை எங்கே போகிறது, எங்கே தயங்குகிறது, எந்த இடத்தில் சலித்துப்போய் மேசையைத் தட்டுகிறது என்பதையெல்லாம் கோடு போட்ட நோட்டில் பென்சிலால் குறித்துக்கொள்கிறார். எந்த அலுவலகத்துக்குப் போனாலும் முதல் நாள் இதுதான். அதனால் 'ஓரமா அக்கா' என்றே பெயர் நிலைத்துவிட்டது. சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் பாதிப் பேருக்கு ஆள் தெரியாது.

வயது ஐம்பதைத் தொட்டிருக்கும். அலுவலகங்களில் கிடக்கும் பழைய கணினிகளில் லினக்ஸைப் போட்டு, அவற்றை ஒன்றோடொன்று இணைத்து, அச்சுப்பொறியிலிருந்து அஞ்சல் வரைக்கும் ஓடவைத்துக் கொடுப்பது தொழில். லினக்ஸ் என்பது ஓர் இயங்குதளம். அதன் உள்ளே எழுதியிருப்பதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதை ஊருக்கெல்லாம் கொடுக்கலாம். பஸ் ஓட்டும் அவருடைய கணவர் அதை "இலவசச் சாமான்" என்பார். "இலவசம் இல்லீங்க, பூட்டு இல்லாதது" என்று அக்கா திருத்துவார். பதினைந்து வருடமாக அந்த வீட்டில் இந்தத் திருத்தம் நடந்துகொண்டிருக்கிறது.

மனிதர்களிடம் பேசும்போது 'ங்க' போடாமல் ஒரு வாக்கியம் வராது. இயந்திரங்களிடம் அந்த மரியாதை கிடையாது. "என்னடா, முழிச்சிட்டியா? யாருன்னு தெரியுதா?" என்பார். ஆனால் ஒரு கணினியை அணைத்துப் போட்டால், அது திரும்ப எழும்வரை உட்காரமாட்டார். அறுவை அறைக்கு வெளியே காத்திருப்பவரைப் போலக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். ஏன் என்று கேட்டேன். "பழகிப்போச்சு" என்றார்.

கல்லூரியில் கணினி படித்தவரில்லை. தொலைபேசி நிலையத்தின் புகார்ப் பிரிவில் பதினொரு வருடம் 'இது வேலை செய்யல' என்ற ஒரே வாக்கியத்தை ஆயிரம் குரல்களில் கேட்டவர். மகளுடைய கணினியைக் கடைக்காரர் "இது தேறாது" என்று கைவிரித்தபோது, 'தேறாது என்று எப்படித் தெரியும்' என்று திறந்து பார்க்கப்போனவர். அன்றைக்குப் போனவர்தான், இன்னும் வெளியே வரவில்லை.

எங்கள் சரக்கு நிறுவனத்துக்கு அவர் வந்தது ஒரு நெருக்கடியில். கடிதப் பிரிவில் என் மேசை வாசலைப் பார்த்து இருப்பதால் எல்லாவற்றையும் பார்க்கக் கிடைத்தது. எங்களுடைய முப்பத்து நான்கு கணினிகளிலும் இருந்த இயங்குதளத்தை அதைச் செய்தவர்களே கைவிட்டுவிட்டார்கள். இனி பாதுகாப்புத் திருத்தம் வராது. எங்கள் சரக்கில் பாதியைக் கொடுக்கும் ஆலை, 'அடுத்த மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமைக்குள் மாற்றாவிட்டால் உங்கள் வலையமைப்போடு எங்களுடையதை இணைக்க மாட்டோம்' என்று எழுதிவிட்டது. அந்தக் கடிதத்தைப் பிரித்தவன் நான்தான். புதிய இயங்குதளத்துக்குப் புதிய இயந்திரங்கள் வேண்டும். முப்பத்து நான்கையும் தூக்கி எறிய முதலாளிக்கு வழியில்லை. ஆலை போய்விட்டால் அலுவலகத்தில் பாதி நாற்காலி காலியாகும். யாருடையவை என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எல்லோரும் கணக்குப் போட்டுக்கொண்டோம்.

அதிகம் கணக்குப் போட்டவர் சீட்டு மேடம். லாரிகளுக்கு அனுப்புச் சீட்டு அடிப்பவர். வயது ஐம்பத்தாறு. பத்தொன்பது வருடமாக ஒரே மேசை. அக்கா நாற்காலியை விரித்ததுமே அவர் சொல்லிவிட்டார்.

"இங்க பாருங்க, எனக்குக் கை பழகிட்டது. புதுசாக் கத்துக்கோன்னா, நான் வீட்டுக்குப் போயிடறேன். எங்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க."

"நீங்க ஒண்ணும் கத்துக்க வேண்டாங்க. அது கத்துக்கட்டும்."

"எது?"

"மிஷினு. வேலை தெரிஞ்சவங்க நீங்க. புதுசா வர்றது அது. யாரு யாருகிட்டக் கத்துக்கணும்?"

அன்று முழுக்க மேடத்தின் கையை அக்கா பார்த்தார். சீட்டை முடிக்க மேடத்தின் சுண்டுவிரல் தானாக மேல்வரிசையில் ஏழாவது விசைக்குப் போகும், பார்க்காமலே. தவறு நேர்ந்தால் மோதிரவிரல் இரண்டு முறை பின்னால் போகும். அந்த நோட்டில் சீட்டு மேடத்துக்கு மட்டும் நாலு பக்கம்.

அடுத்த வாரத் தொடக்கத்தில் அக்கா வேலையைத் தொடங்கினார். செவ்வாய்க்கிழமை மத்தியானம் வரைக்கும் சீட்டு மேடம் நாற்பது சீட்டு அடித்துத் தள்ளினார். சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு போகிறபோது அக்காவின் பக்கத்தில் நின்று, "புதுசு என்னைக்குப் போடப்போறீங்க? சொல்லிட்டுப் போடுங்க, மனசைத் தயார் பண்ணிக்கணும்" என்றார்.

"காலையில போட்டாச்சுங்க. நீங்க அடிச்ச நாப்பதும் அதுலதான்."

மேடம் திரும்பிப்போய்த் தன் திரையைப் பார்த்தார். எல்லாம் பழைய இடத்திலேயே இருந்தன. ஏழாவது விசையைச் சுண்டுவிரலால் ஒருமுறை தொட்டுப் பார்த்தார். பிறகு சாப்பிடப் போனார். நான் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு வீட்டின் அஸ்திவாரத்தை மாற்றிவிட்டு, உள்ளே இருப்பவர் கையில் இருந்த தம்ளரில் தண்ணீர்கூடத் தளும்பாமல் பார்த்துக்கொண்டதைப் போல இருந்தது.

சிக்கல் வாசலில் இருந்தது. லாரிகளை நிறுத்தி எடைபோடும் எடைமேடை. அதன் பெட்டியிலிருந்து ஒரு கம்பி வழியாக எடை கணினிக்கு வரும். அந்தப் பெட்டியைச் செய்த நிறுவனம் எப்போதோ மூடிவிட்டது. அதன் மென்பொருள் பழைய இயங்குதளத்தில்தான் ஓடும். லினக்ஸில் கம்பியைச் செருகியதும் திரையில் வந்தவை நாலு புள்ளியும் ஒரு கேள்விக்குறியும். எடை இல்லாமல் லாரி போகாது. மற்ற முப்பத்து மூன்று கணினிகளும் பொன்னாக ஓடியும் பயனில்லை.

அக்கா மடக்கு நாற்காலியோடு எடைமேடைக் கூண்டுக்குள் போனார். எடைமேடைக்காரர் அறுபதை நெருங்குபவர், பேச்சுக் குறைவு. கணினியை ஓட்டத் தெரியும், அவ்வளவுதான்.

"அண்ணே, நான் ஓரமா உக்காந்துக்கறேன்."

"இருக்கிறதே ஓரந்தாம்மா" என்று தன் கூண்டைக் காட்டினார் அவர்.

கடிதத்தில் கையெழுத்து வாங்கும் சாக்கில் நான் பலமுறை அங்கே போனேன். ஒவ்வொரு லாரி ஏறும்போதும் அக்கா, பெட்டியில் தெரியும் எண்ணையும் கம்பியில் வருவதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினார். "அது வேகமாப் பேசுது, நாம மெதுவாக் கேக்கறோம்" என்றார். வேகத்தை மாற்றி மாற்றிப் பார்த்தும் புள்ளிகள் மாறவில்லை. உலகமெங்கும் இதே வேலை செய்கிறவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் ஒரு மன்றம் இணையத்தில் உண்டு. அங்கே எழுதிப் போட்டார். எங்களுக்கு முன்பே பொழுது விடியும் ஏதோ ஒரு நாட்டிலிருந்து, முகம் தெரியாத ஒருவர், நாங்கள் தேநீர் குடித்து முடிப்பதற்குள் பதில் போட்டார். 'என்னிடமும் அதே பெட்டி இருந்தது. இந்த வேகத்தில் கேளுங்கள்.' எதையும் எதிர்பார்க்காத இரண்டே வரி. எனக்கு அது அதிசயம். அக்காவுக்கு அது புதிதல்ல. அவரும் தினமும் காலையில் பஸ் ஏறுவதற்கு முன் நாலு பேருக்குப் பதில் எழுதிவிட்டுத்தான் வருகிறார்.

எண்கள் வந்தன. ஆனால் பதினாலாயிரத்து இருநூற்று அறுபது கிலோ லாரிக்கு 06241 என்று காட்டியது. அக்கா கொஞ்ச நேரம் முறைத்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். "வாலைப் பிடிச்சு இழுத்து வர்றான் பாருங்க." பெட்டி எண்ணைத் தலைகீழாக அனுப்பிக்கொண்டிருந்தது.

அதை நேராக்கிய பிறகு, புதன்கிழமை மாலை, எடை முன்பே தெரிந்த ஒரு சோதனை லாரியை ஏற்றினார்கள். திரை எண்பது கிலோ கூடுதல் காட்டியது. மறுபடி ஏற்றினார்கள். அறுபது குறைந்தது. எடை மூன்று முறை ஒரேமாதிரி வந்தால் பிடித்துக்கொள் என்று அக்கா நிரலில் எழுதியிருந்தார். அது போதவில்லை. முதலாளி கூண்டு வாசலில் நின்று, குரலை உயர்த்தாமல் சொன்னார்:

"நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் பாருங்கம்மா. அப்பவும் சரிவரலைன்னா எல்லாத்தையும் பழையபடி மாத்திக் குடுத்துடுங்க. ஆலைகிட்ட நான் பேசிக்கறேன்."

என்ன பேச முடியும் என்று எல்லோருக்கும் தெரியும். "சரிங்க" என்றார் அக்கா. நோட்டை மூடி, நாற்காலியை மடக்காமலே எடுத்துக்கொண்டு போனார்.

வியாழன் காலையில் அவர் கணினியைத் தொடவே இல்லை. எடைமேடைக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆறாவது லாரியின்போது கேட்டார்.

"அண்ணே, நீங்க பெட்டியைப் பாக்கறதே இல்லையே. வெளியில எதைப் பாக்கறீங்க?"

"சங்கிலியை."

"எந்தச் சங்கிலி?"

"பின்கதவுல தொங்குது பாரு, அது. டிரைவர் இறங்கிக் கதவைச் சாத்துவான், வண்டி ஒரு ஆட்டம் ஆடும். சங்கிலி ஆடறது நிக்கணும். அப்புறம் பெட்டியைப் பாத்தா சரியா இருக்கும். அதுக்கு முன்னாடி பாக்கறது பொய்."

"இதை யாருகிட்டயும் சொன்னதில்லையா?"

"யாரு கேட்டா?"

அக்கா கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார். இருபத்திரண்டு லாரிகள். ஓட்டுநர் இறங்குகிறபோது எடை ஓர் ஆள் அளவு சட்டென்று குறைகிறது. அந்தக் கணத்திலிருந்து சங்கிலி நிற்க ஒன்பது முதல் பதினொரு விநாடி. ஆள் இறங்கிய சரிவைக் கண்டுபிடி, அதிலிருந்து பன்னிரண்டு விநாடி பொறு, பிறகு மூன்று முறை ஒரேமாதிரி வந்தால் எடு என்று எழுதினார். மூன்றரை மணிக்குச் சோதனை லாரி ஏறியது. பெட்டியும் திரையும் ஒரே எண்ணைக் காட்டின. இறக்கி ஏற்றினார்கள். அதே எண். ஐந்தாவது முறை முதலாளி, "போதும், வண்டிக்காரனுக்குத் தலை சுத்தும்" என்று சொல்லிவிட்டு, வேறெங்கோ பார்த்தபடி மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

கெடு நாளான வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு ஆலையின் முதல் லாரி எடை முடிந்து, சீட்டு மேடத்தின் சுண்டுவிரல் வழியாக வாசலைத் தாண்டிப் போனது. யாரும் கைதட்டவில்லை. எல்லோரும் எட்டிப் பார்த்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனோம். அன்று நாங்கள் சாப்பிட்ட வேகமே வேறு.

திங்களன்று அக்கா மறுபடி கூண்டுக்கு வந்தார். எடைமேடைக்காக எழுதிய அந்தச் சின்ன நிரலை, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் வைக்கப்போகிறார். அப்படி வைக்கும் நிரலின் தலைப்பில், அதைச் செய்தவர் பெயரைப் போடுவது வழக்கமாம். அவர் பெயர் அங்கே ஏற்கெனவே இருந்தது.

"அண்ணே, உங்க பேரை எப்படி எழுதுவீங்க? இனிஷியல் முன்னாடியா, பின்னாடியா?"

"எதுக்கும்மா, கேட் பாஸுக்கா?"

"இதைச் செஞ்சவங்க பேரு போடற இடம்."

"நான் எங்க செஞ்சேன்? நீதான தட்டிக்கிட்டே இருந்தே."

"பொய் எடை எது, நிஜ எடை எதுன்னு எனக்கு யாரு சொன்னது?"

எடைமேடைக்காரர் வெளியே பார்த்தார். லாரி எதுவும் இல்லை. சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவுக்கு எழுந்து நிற்பவரைப் போல, இனிஷியலிலிருந்து தொடங்கி ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார்.

அக்கா தன் பெயருக்கு முன்னால் கொண்டுபோய்ச் சுட்டியை நிறுத்தி, பெயரை ஒரு வரி கீழே இறக்கிவிட்டு, மேலே கிடைத்த இடத்தில் அவர் சொல்லச் சொல்லத் தட்டினார்.