ஒசானிரா சொன்னதும் நான் குறித்ததும்

பிரேசிலின் மனாஸ் நகரில் எங்கள் சுகாதார நிலையத்தின் வாசலில் பதினோரு வருடம் தக்கக்கா விற்றவர் டோனா ஒசானிரா. வயதில் பெரிய பெண்களை இங்கே 'டோனா' என்போம். மரவள்ளிச் சாற்றுக் கஞ்சியில் இறால் போட்டு, குடுக்கையில் சுடச்சுட ஊற்றித் தருவார். பதினான்கு வயதில், அமேசான் ஆற்றின் மேற்பகுதியிலிருந்து வீட்டுவேலைக்குக் கொண்டுவரப்பட்டவர். அந்த வீட்டில் தன் கொகாமா இனத்து மொழியில் வாய் திறந்தால் அன்று சாப்பாடு கிடையாதாம். கடை போட்ட பிறகு, இறாலை அந்த மொழியில்தான் உரக்க எண்ணிப் போடுவார்.

எங்கள் பதிவுப் படிவத்தில் நிறமும் இனமும் குறிக்க ஐந்து கட்டங்கள் உண்டு: வெள்ளை, கறுப்பு, மஞ்சள், பழுப்பு, பூர்வகுடி. நோயாளியைக் கேட்டுத்தான் குறிக்க வேண்டும். முகத்துக்கு நேரே அதைக் கேட்க எங்களுக்குக் கூச்சம், பார்த்தே குறித்துவிடுவோம். சந்தேகம் வந்தால் பழுப்பு, அதாவது கலப்பு இனம்.

ஒருநாள் சர்க்கரை மாத்திரைக்கு வந்த ஒசானிரா, பதிவு மேசையில் என் கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்தார்.

"என்னை என்னன்னு போட்டிருக்கே, மகளே?"

"பழுப்புன்னு, டோனா."

"பழுப்பா? நான் என்ன வறுத்த மரவள்ளி மாவா? கொகாமாடி நான்! கடைசிக் கட்டத்துல போடு."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"கூட்டம் குறையட்டும், மாத்திடறேன்."

மாற்றவில்லை. இரண்டு நிமிட வேலை. அதன்பின் இரண்டு வருடம் தினமும் அவர் கையால் தக்கக்கா வாங்கிக் குடித்தேன்.

கொரோனாவில் பெரிய மருத்துவமனையில் இறந்தார். எங்கள் பதிவைப் பார்த்து, இறப்புச் சான்றிதழிலும் பழுப்பு என்றே எழுதினார்கள். மகள் ஜாசியாரா அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"எங்க இனத்துச் சங்கம், கொரோனாவுல செத்துப்போன கொகாமாக்களைக் கணக்கெடுக்குது. இந்தத் தாளோட போனா அம்மா அதுல சேர மாட்டா. திருத்தணும்னா நீங்க எழுதித் தரணுமாம்."

'பதிவில் தொழில்நுட்பப் பிழை நேர்ந்தது' என்று எழுதி நீட்டினேன். படித்தாள்.

"எங்கம்மா கம்ப்யூட்டர்கிட்டயா சொன்னா? அன்னிக்கு வீட்டுக்கு வந்து சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னா, 'அந்தப் பொண்ணு மாத்திட்டா'ன்னு."

மாற்றிவிட்டதாகவே நம்பியிருக்கிறார். அதுவரை அது எனக்குத் தெரியாது.

வேறு தாள் எடுத்தேன். 'தாம் கொகாமா என்று அவர் என்னிடம் சொன்னார். மாற்றுவதாகச் சொன்னேன். மாற்றவில்லை.' கீழே என் முழுப்பெயரை எழுதிக் கையெழுத்திட்டேன். ஜாசியாரா மடித்து எடுத்துக்கொண்டாள். நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்னால் தாங்கியிருக்க முடியாது.

நேற்றுத் திருத்திய சான்றிதழைக் கொண்டுவந்து காட்டினாள். பூர்வகுடி, கொகாமா. சங்கத்தின் பட்டியலிலும் பெயர் ஏறிவிட்டது. உயிரோடு இருந்தபோதே கிடைத்துவிட்டதாக அவர் நம்பிய அந்தச் சொல், அவர் போய் ஏழு மாதம் கழித்துத்தான் வந்திருக்கிறது.