வண்டிக்குப் போட்ட வழி

ராத்திரி வாட்ச்மேன் வேலை என்பது ஊர் தூங்குவதற்குக் காவல் இருப்பது. புயல் நாட்களில் மட்டும் ஊரே வந்து நம்மோடு முழித்திருக்கும். தேங்காய்த்திட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்கு அந்த வேலை. கட்டடம் உசரம் என்பதால் மழைக்காலத்தில் அதுதான் முகாம். பகலில் தூக்கம் வராமல் புரளுகிறவர்களுக்கும், மழைச் சத்தம் கேட்டாலே மூட்டை கட்டுகிறவர்களுக்கும் நான் சொல்வது புரியும்.

துரு

நான் சேர்ந்த பிறகு வந்த முதல் புயலில்தான் ஆரோக்கியத்தைப் பார்த்தேன். பெரிய மார்க்கெட் வாசலில் குடை ரிப்பேர் செய்கிறவன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷன் வாங்கும் சொல்தா வீட்டுக் குடையிலிருந்து மீன்காரம்மா குடை வரை அவன் கையில்தான் விரியும். சின்ன வயதிலேயே போலியோவில் இரண்டு காலும் போய்விட்டது. சர்க்கார் கொடுத்த மூணு சக்கர சைக்கிளைக் கையால் சுற்றிச் சுற்றி ஓட்டிக்கொண்டு முகாம் வாசல் வரை வந்துவிட்டான். அதற்கு மேல் படிகள். நானும் ஒரு வலைக்காரரும் அவனைத் தூக்கப் போனோம். மழை கொட்டுகிறது, அவனோ சைக்கிளை விட்டுக் கையை எடுக்கவில்லை.

"முதல்ல அதை ஏத்துங்கண்ணே. நான் நனைஞ்சா காஞ்சிடுவேன், அது துருப்புடிச்சிடும்."

வரிசை

மறுநாள் மதியம் சாப்பாட்டுப் பொட்டலம் வந்தது. கொடுக்க வந்த அதிகாரி கறாரானவர். வரிசையில் நிற்கிறவர்களுக்கு மட்டும்தான், ஒருவருக்காக இன்னொருவர் வாங்கக் கூடாது என்றார். வேறொரு முகாமில் ஏமாந்து வந்திருந்தாராம். சுவரோரம் உட்கார்ந்திருந்த ஆரோக்கியத்தைக் காட்டினேன். அவனையே வந்து நிற்கச் சொல்லுங்கள் என்றார், தலையை நிமிர்த்தாமல். கடைசியில் பொட்டலம் அவன் இருந்த இடத்துக்கே போனது. போக வைத்தது என் சிபாரிசு இல்லை, அவன் சொன்ன பதில்.

"நிக்க முடிஞ்சா நான் ஏன் சார் குடை தைக்கிறேன்? போலீஸ்ல சேர்ந்து உங்களுக்கு சல்யூட் அடிச்சிருப்பேன்."

மாடு

சில வருஷம் கழித்து வந்த புயல் பெரியது. வராண்டாவில் கால் வைக்க இடமில்லை. மனுஷனுக்கே இடமில்லை, சைக்கிளா என்று எல்லோரும் சண்டைக்கு வந்தார்கள். கீழே கேட்டோடு சேர்த்துச் சங்கிலி போட்டுக் கட்டினேன். விடிந்து பார்த்தால் தண்ணீர் கேட்டையே பிடுங்கிப் போட்டிருந்தது. கேட் கிடைத்தது, சைக்கிள் கிடைக்கவில்லை.

சைக்கிள் இல்லாவிட்டால் அவனுக்கு மார்க்கெட் இல்லை. மார்க்கெட் இல்லாவிட்டால் அடுப்பு இல்லை. சேதம் கணக்கெடுக்க வந்தவர் வீடு, படகு, வலை, ஆடு, மாடு எல்லாவற்றுக்கும் நிவாரணம் உண்டு, சைக்கிளுக்கு மட்டும் இல்லை என்றார். சைக்கிள் கொடுத்த ஆபீஸில் கேட்டால், ஒரு தடவை கொடுத்தாகிவிட்டது, அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும் என்றார்கள். கணக்கெடுக்க வந்தவர் நல்ல மனுஷன். ஆடு, மாடு ஏதாவது போயிருந்தால் சொல்லப்பா, எழுதிக்கொள்கிறேன் என்று பரிதாபப்பட்டார்.

"மாடுன்னே எழுதிக்குங்க சார். இத்தனை வருஷமா என்னை இழுத்துச்சு."

மழை

அந்த ஐப்பசியில் வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் அவனை எட்டிப் பார்ப்பேன். குடிசை வாசலில் உட்கார்ந்து, யாராவது கொண்டுவந்து போட்ட ஒன்றிரண்டு குடையை வைத்துக்கொண்டிருப்பான். ஊரே மழை நிற்காதா என்று வானத்தைப் பார்க்கிறது. அவன் என்னைப் பார்த்ததும் கேட்பது ஒன்றுதான்.

"மார்க்கெட் பக்கம் மழை நல்லா பெய்யுதாண்ணே?"

சாய்தளம்

முகாமுக்குப் படி மட்டும் போதாது, வண்டி ஏற ஒரு சரிவு வேண்டும் என்று நானும் அவனும் எப்போதோ மனு கொடுத்திருந்தோம். அடுத்த மழைக்காலத்துக்குள் அதைக் கட்டிவிட்டார்கள். வழவழவென்று சிமெண்டு, பக்கத்தில் பிடித்துக்கொள்ள இரும்புக் குழாய், அதற்கு நீலப் பெயிண்ட். புது சைக்கிள் மட்டும் வரவில்லை. புயல் எச்சரிக்கை வந்த அன்று சாயங்காலம் மீன் ஏற்றும் வண்டியில் யாரோ அவனைக் கொண்டுவந்து இறக்கினார்கள். எனக்கும் வயதாகிவிட்டது, படி ஏறினால் முட்டி வலிக்கிறது; அதனால் அவனை முதுகில் சுமந்துகொண்டு சரிவு வழியாகவே ஏறினேன். பாதியில் கால் சறுக்கியது. அவன் என் கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு காதோரம் சொன்னான்.

"பார்த்துப் போங்கண்ணே, வழுக்கும். இது வண்டிக்குப் போட்ட வழி."

அந்தச் சாய்தளத்தில் இதுவரை யார் உதவியும் இல்லாமல் ஏறி வந்தது தண்ணீர் மட்டும்தான்.