கண்ணாடிப் பெட்டியில் படங்கு

ஒச்சம்மா அறுபத்தேழு வயதில் முதல்முறையாக விமானம் ஏறி வெளிநாடு போனாள். வெளிநாடு என்றால் என்ன, அவள் பிறந்த நாடுதான். இலங்கை மலைத்தோட்டத்தில் பிறந்து, பதினைந்து வயதில் குடும்பத்தோடு கப்பலேற்றப்பட்டு, நிக்கோபாரின் கச்சால் தீவில் முப்பது வருஷம் ரப்பர் பால் வெட்டி, இப்போது அந்தமானில் பெரார்கஞ்சில் மகன் அருண்பிரசாத் வீட்டில் இருப்பவள். "அங்க எனக்கு என்னா வெச்சிருக்கு? ரத்தம் குடிக்கிற அட்டைதான் இருக்கு" என்று சொல்லிப் பார்த்தாள். மகன் டிக்கெட்டோடு வந்து நின்றான்.

அவனுக்கு ஒரு கணக்கு இருந்தது. பாக்குத் தோப்புக்கு நடுவே ஆறு காட்டேஜ் கட்டி, மெயின்லேண்டிலிருந்து வரும் டூரிஸ்டுகளைத் தங்க வைக்கிறான். அங்கே வேலை செய்யும் எட்டுப் பெண்களும் ஒச்சம்மாவைப் போலவே தோட்டத்திலிருந்து வந்த குடும்பத்துப் பெண்கள். அவர்களுக்குப் 'பாரம்பரிய' உடுப்பு ஒன்று வேண்டும் என்று இரண்டு வருஷமாக அலைகிறான். அம்மா ஒரு வார்த்தை சொன்னால் அந்த எட்டுப் பேரும் கட்டிக்கொள்வார்கள் என்பது அவனுக்குத் தெரியும்.

நுவரெலியா போகிற வழியில் ஒரு கைத்துணிக் கடை. ஏசி போட்டு, பூ வாசனை அடித்து, மெல்லிசாகப் பாட்டு வைத்திருந்தார்கள். ஒச்சம்மா உள்ளே போய்ப் பத்து அடி நடந்திருப்பாள். கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்கு வெளிச்சத்தில் ஒரு படங்கு தொங்கியது.

படங்கு என்றால் சாக்கு. தேயிலைச் செடி சேலையைக் கிழிக்காமல் இருக்க, கொழுந்து எடுக்கிற பெண்கள் இடுப்பிலிருந்து கால்வரை சுற்றிக் கட்டுவது. மழையில் நனைந்தால் கல்லாகக் கனக்கும். காயாத சாக்கின் புளிச்ச நாற்றம் சோற்றுக் கையிலும் ஒட்டியிருக்கும். மடிப்புக்குள் அட்டை ஒளிந்துகொள்ளும். பதின்மூன்று வயதில் ஒச்சம்மா பெரிய மனுஷியானது மலை உச்சியில், இந்த நாற்றச் சாக்குக்குள்தான். வீட்டுக்குப் போகட்டுமா என்று கேட்டதற்குக் கங்காணி, "சாக்கு மறைக்குதில்ல, எடு கொழுந்த" என்றான். அந்தச் சாக்குக்கு இங்கே விளக்கு!

"ஏக்தம் ஒரிஜினல்மா, அப்படியே அசல்" என்றான் அருண்பிரசாத். மேனேஜர் இங்கிலீஷில் சொன்னதைக் கேட்டுச் சிரித்தான். "இதப் பாரு, அட்டை கடிச்ச ரத்தக் கறை. ஒவ்வொண்ணும் கையாலேயே வெக்கிறாங்களாம்."

ஒச்சம்மா அந்தக் கறையைப் பார்த்தாள். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு பின்பக்கம் போனாள்.

அங்கே தரையில் உட்கார்ந்து மூன்று பெண்கள் தைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி பெயர் சொர்ணம்மா. காலையில் மலையில் கொழுந்து, மத்தியானம் இங்கே தையல். "நாங்க இப்ப பிளாஸ்டிக் ஷீட்டுலதான் ரெட்டு கட்டுறோங்க. இது வெள்ளக்காரங்களுக்கு. புதுச் சாக்க தேத்தண்ணிச் சக்கையில ஊறப் போட்டு, அப்புறம் கிழிச்சு, ஒட்டுப் போட்டு, கறை வெப்போம்" என்றாள். ஒச்சம்மா அந்த ஒட்டுத் தையலைத் தடவிப் பார்த்தாள். எறும்பு வரிசையாக, அத்தனை நேர்த்தி. இப்படிப்பட்ட கையைக் கொண்டுவந்து நாற்றச் சாக்குக்கு நகல் எடுக்க வைத்திருக்கிறார்களே என்று இன்னும் அருவருத்தது.

திரும்பி வந்தபோது மகன் எட்டு எடுத்துவைத்திருந்தான். கையில் ஒன்பதாவது.

"அம்மா, இத நீ கட்டிக்கிட்டு ஒரே ஒரு போட்டோ. நம்ம ரிசப்ஷன்ல பெரிசா மாட்டுறேன். நீ கட்டினா அவங்களும் கட்டுவாங்க."

"குடு" என்றாள் ஒச்சம்மா.

வாங்கி அவன் இடுப்பில் சுற்றினாள். ஜீன்ஸுக்கு மேலே, தொப்பைக்குக் கீழே, கயிற்றை இரண்டு சுற்று சுற்றி, முதுகுப்பக்கம் கொண்டுபோய் இழுத்து முடிந்தாள். ஐம்பது வருஷம் கழித்தும் கை மறக்கவில்லை. அந்த முடிச்சு கூடை உரச உரச இறுகும். கட்டிக்கொண்டவர் தானாக அவிழ்க்க முடியாது.

"மூச்சு முட்டுதும்மா!"

"குனி."

"சப் தேக் ரஹே ஹைம்மா, எல்லாரும் பாக்குறாங்க!"

"பாக்கட்டும். பாக்கத்தானடா வாங்குற? விருந்தாளிக்கு டீ நீயே குடு. ஒனக்கு அளவா இருக்கு. அந்தப் புள்ளைங்க இடுப்புல இதச் சுத்தின, அடுத்த கப்பல்ல கச்சாலுக்கே போயிருவேன்."

கடையில் இருந்தவர்கள் போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். அருண்பிரசாத் முகம் கறுத்துப்போயிற்று. முதுகுக்குப் பின்னால் கையை விட்டு முடிச்சோடு மல்லுக்கட்டினான்.

"சரிம்மா. வேணாம். ஒண்ணும் வேணாம். அவுத்து விடு."

ஒச்சம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். சத்தம் கேட்டு வந்த சொர்ணம்மாதான் முடிச்சை அவிழ்த்தாள். விரல் நுனியெல்லாம் தேயிலைக் கறை.

"எட்டும் போச்சாக்கா?" என்று மெதுவாகக் கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

இத்தனை நேரம் கடைமேலும் மகன்மேலும் இருந்த அருவருப்பு ஒரு சொடுக்கில் ஒச்சம்மாவின் மேலேயே திரும்பியது. இவள் பிழைப்பிலா நான் கை வைத்தேன்?

"டேய், எட்டு மேசை விரிப்பு சொல்லு இவகிட்ட" என்றாள் மகனிடம். "வெள்ளைத் துணியில. இவ இஷ்டத்துக்குத் தைக்கட்டும். கறை கிறை ஒண்ணும் வேணாம்."

அருண்பிரசாத் மேனேஜரிடம் சொன்னான். மேனேஜர் சிரித்தபடி ஏதோ பதில் சொன்னான்.

"என்னாங்குறான்?"

"அதெல்லாம் இங்க செய்றதில்லையாம்மா. கறை இல்லாட்டி யாரும் வாங்க மாட்டாங்களாம்."

சொர்ணம்மா படங்கை மடித்து, கறை வெளியே தெரிகிற மாதிரி வைத்துவிட்டுப் பின்பக்கம் போனாள். ஒச்சம்மா வாசலுக்குப் போய், பூந்தொட்டிக்குப் பக்கத்தில் காறித் துப்பினாள்.