ஏழாவது காலுக்கு அடியில்

உட்கார்ந்ததும் மாமா தண்ணீர் கேட்பதில்லை. சட்டைப்பையிலிருந்து விரல் நீள ரசமட்டத்தை எடுத்து மேசைமேல் வைப்பார். கண்ணாடிக் குழாய்க்குள் இருக்கும் குமிழி அசைந்து அசைந்து ஓரிடத்தில் நிற்கும்வரை யாரிடமும் பேச மாட்டார். நடுக்கோட்டில் நின்றால் சரி. ஒதுங்கி நின்றால் பழைய பேப்பர் ஒரு துண்டு கேட்டு வாங்கி, நாலாய் மடித்து, குனிந்து மேசைக்காலுக்கு அடியில் செருகுவார். மறுபடி குமிழியைப் பார்ப்பார். அதன் பிறகுதான், "ம், இப்போ குடு தண்ணிய."

எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இதைப் பார்க்கிறேன். டீக்கடை, பள்ளிக்கூடம், வங்கி, எந்த இடமும் விலக்கில்லை. ஒருமுறை இருமலுக்கு மருந்து வாங்கப் போனவர் டாக்டரின் மேசையிலேயே வைத்துவிட்டார். "உங்களுக்கு என்ன பண்ணுது?" என்று டாக்டர் கேட்க, "எனக்கு லேசா இருமல்தான் டாக்டர். உங்க மேசைக்குத்தான் கொஞ்சம் முடியல" என்றாராம். தெருவில் அவருக்குப் பெயரே ரசமட்டம். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் தபால்காரரே ஒரு நிமிஷம் யோசிப்பார்.

மாமா அம்மாவின் அண்ணன். தொழில், பிட்டர். பெட்டி பெட்டியாக வந்து இறங்கும் நூற்பு எந்திரங்களைப் பூட்டி, மட்டம் பார்த்து, தரையோடு முடுக்கி, ஓட விட்டுக் கொடுப்பவர். அவர் பதினெட்டு வயதில் ஸ்பேனர் பிடித்தபோது இந்த நகரத்தில் புகைபோக்கிகள் முளைத்துக்கொண்டிருந்தன. பஞ்சு மில்கள் வந்தன. மில்லுக்கு உருளை கடைந்து கொடுக்கப் பட்டறைகள் வந்தன. பட்டறைக்கு இரும்பு வார்த்துக் கொடுக்க உலைகள் வந்தன. ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நின்றது. பதினோரு மில்களில் மாமா எந்திரம் ஏற்றினார். பிறகு எல்லாம் அதே வரிசையில் இறங்கின. நூல் தேங்கியது, பட்டறைக்கு வேலை வருவது நின்றது, உலையில் நெருப்பு வைக்கக் காரணம் இல்லாமல் போனது. மூடிய மில்களில் எந்திரங்களைக் கழற்ற ஆள் தேடியபோது, எந்தப் போல்ட்டை முதலில் தளர்த்த வேண்டும் என்று தெரிந்தவர் இவர்தான். ஏற்றிய பதினொன்றில் ஒன்பதை அவரே இறக்கியிருக்கிறார்.

கல்லூரியில் இதைப் பற்றி நான் ஒரு கட்டுரை எழுத வேண்டியிருந்தது. எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். நகரத்துத் தொழில்களின் வீழ்ச்சி என்று தலைப்புப் போட்டுவிட்டு, மாமா அழுவார், எழுதிக்கொள்ளலாம் என்று நோட்டோடு போனேன்.

"நீங்க பூட்டினத நீங்களே கழட்டும்போது மனசுக்குக் கஷ்டமா இருக்காதா மாமா?"

"எதுக்கு? பூட்டறதுதான் கஷ்டம். ஆறு மாசம் பெண்டு நிமிரும். கழட்ட இருபது நாள். மத்தியானம் ஒரு தூக்கமும் போடலாம்."

"இல்ல மாமா, எத்தன பேர் வேல செஞ்ச இடம்..."

"அதுக்கு? மெஷினக் கட்டிப் பிடிச்சு அழுதா கன்னத்துல கிரீஸ்தான் ஒட்டும். எழுதிக்கிட்டியா?"

நான் எழுதிக்கொள்ளவில்லை. கட்டுரைக்கு உதவாத மனிதர் என்று அப்போது கோபம்கூட வந்தது. ஒருவர் வருத்தப்பட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு போன நான் எப்படிப்பட்டவள் என்று இப்போது கேட்டுக்கொள்கிறேன்.

அவருடைய நிம்மதிக்குக் காரணம் இருந்தது. கழற்றிய எந்திரங்களில் பாதிக்கு மேல் பழைய இரும்புக்குப் போகாது. கப்பலேறி வேறெங்கோ போய் மறுபடி ஓடும். ஒவ்வொரு பாகத்திலும் சிவப்புப் பெயிண்ட்டில் எண் போட்டு, எது எதோடு சேரும் என்று அம்புக்குறி வரைந்து அனுப்புவார். "அங்க ஒருத்தன் பெட்டியத் திறந்து பார்ப்பான் இல்ல? அவன் என்னைத் திட்டிடக் கூடாது" என்பார். முகம் தெரியாத அந்த ஆளுக்கு 'சகலை' என்று பெயர். "பின்ன என்ன? ஒரே வீட்டுல பொண்ணு எடுத்த மாதிரிதானே நாங்க ரெண்டு பேரும்." மாலையில் வேலை முடிந்து கை கழுவும்போது, "என் சகலைக்கு இன்னிக்கு நாலு பெட்டி அனுப்பியாச்சு" என்று சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

அம்மாவும் மாமா கடைசியாக எந்திரம் ஏற்றிய மில்லில் வேலை பார்த்தவள். அங்கே மாமா எந்திரங்களை ஏற்றி முடித்ததும் நிரந்தரப் பிட்டராகத் தங்கிவிட்டார். தங்கையை வேலைக்குச் சேர்த்துவிட்டதும் அவரே. ஓடும் எந்திரத்தில் அறுந்து போகும் நூலைப் பிடித்து ஒட்டுவது அம்மாவின் வேலை. அவளுடைய எந்திரத்தில் மட்டும் நூல் ஓயாமல் அறுந்தது. ஒன்றை ஒட்டுவதற்குள் மூன்று அறுந்து தொங்கும். எந்திரத்தை ஒருமுறை மட்டம் பார்த்துவிடலாமே என்று மேஸ்திரி மெல்லச் சொன்னார். மாமாவுக்கு மூக்கின் மேல் கோபம் வந்தது.

"நான் வச்ச மட்டத்த நானே சந்தேகப்படணுமா?" என்றவர், மொத்த ஷிப்டும் பார்த்துக்கொண்டிருக்க அம்மாவின் பக்கம் திரும்பினார். "மெஷினுக்கு ஒண்ணும் இல்ல. உனக்குத்தான் கை நிலையில்ல."

மறுநாள் அம்மா கழிவுப் பஞ்சு பொறுக்கும் அறைக்கு மாற்றப்பட்டாள். மில் மூடும்வரை அங்கேதான் இருந்தாள். அந்த எந்திரத்தில் பிறகு வந்தவர்களும் நிலைக்கவில்லை. ராசியில்லாத மெஷின் என்று சொல்லிவிட்டு எல்லாரும் அவரவர் வேலையைப் பார்த்தார்கள். ஆனால் அண்ணன் சொன்ன சொல் அம்மாவிடமே தங்கிவிட்டது.

அம்மா இன்றுவரை ஊசியில் நூல் கோக்க மாட்டாள். எண்ணெயைப் புட்டியில் ஊற்ற என்னைத்தான் கூப்பிடுவாள். இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயாவாக இருக்கிறாள். குழந்தைகள் அவளை விட்டு நகர மாட்டார்கள். ஆனால் அவர்களுக்கு நகம் வெட்டும் வேலை வந்தால் பக்கத்து வகுப்பு ஆயாவிடம் கொடுத்துவிடுவாள். "எனக்குக் கை நிலையில்லம்மா. எங்கண்ணனே சொல்லியிருக்கார்" என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். வருத்தமெல்லாம் இல்லை. தன் உயரத்தைச் சொல்வதுபோலச் சொல்வாள். சின்ன வயதில் நான் எதையாவது கீழே போட்டால், "அப்படியே உங்கம்மா கை" என்று வீட்டில் எல்லாரும் சிரிப்போம். மாமாவும் சிரிப்பார்.

மாமா இறக்கிய ஒன்பதாவது மில், அம்மா வேலை பார்த்த அந்த மில்தான். மூடிப் பல வருஷம் பூட்டிக் கிடந்து, நான் கல்லூரியில் இருந்தபோது கழற்ற உத்தரவு வந்தது. கட்டுரைக்காக நானும் கூடப் போயிருந்தேன். ராசியில்லாத எந்திரத்தின் முறை வந்தது. அதன் ஏழாவது கால் சுவரோரம், தூணுக்குப் பின்னால், பஞ்சுத் தூசி அப்பி இருந்தது. ஜாக்கி வைத்துத் தூக்கினார்கள். மற்ற கால்களுக்கு அடியில் இரும்புத் தகடு. ஏழாவது காலுக்கு அடியில் ஒரு மரத்துண்டு, நசுங்கி பிஸ்கட் மாதிரி.

மாமா அதை எடுத்து ஊதினார். சட்டையில் துடைத்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அன்னிக்குத் தகடு ஒண்ணு குறைஞ்சுது" என்றார், என்னிடம் சொல்வதுபோல. "நாளைக்கு வந்துடும், மாத்திக்கலாம்னு இத வச்சேன்."

மாற்ற மறந்துவிட்டார். மரம் அமுங்க அமுங்க எந்திரம் அந்தப் பக்கம் இறங்கியது. ஓடும்போது அதிர்ந்தது. நூல் அறுந்தது. நிலையில்லாமல் இருந்தது ஏழாவது கால்.

அன்று மத்தியானம் அவர் தூங்கவில்லை. எந்திரத்தைப் பெட்டியில் அடைக்கும் முன் ஏழாவது காலைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, 'இங்கே இரும்புத் தகடு வை' என்று எழுதினார். சகலைக்குத் தமிழ் தெரியாதே என்று பிறகு ஞாபகம் வந்தது. பக்கத்தில் ஒரு மரத்துண்டின் படம் வரைந்து, அதன் குறுக்கே பெரிதாகப் பெருக்கல் குறி போட்டார்.

வரும் வழியில் கேட்டேன். "அம்மாகிட்ட சொல்லிடலாமா மாமா?"

"நான் சொல்றேன். நீ வாயத் திறக்காத. எல்லார் முன்னாடியும் நான்தானே சொன்னேன்."

நாலு வருஷமாகிறது. ஞாயிறுதோறும் வீட்டுக்கு வருகிறார். ரசமட்டம் இருக்கும் அதே பையில் அந்த மரத்துண்டும் இருக்கிறது. குனியும்போது எட்டிப் பார்க்கும். அம்மா ஒருநாள் கேட்டதற்கு, "பல்லுகுத்தற குச்சி வெட்டறதுக்கு" என்றார். அந்த மில் கட்டடத்தில் இப்போது அலுவலகங்கள். அதில் ஒன்றில்தான் எனக்கு வேலை. மாமா ஒருமுறை பார்க்க வந்து, என் மேசையில் ரசமட்டத்தை வைத்து, "நல்லா இருக்கு. உன் மேனேஜர் மேசை மட்டும் அந்தப் பக்கம் சாயுது, சொல்லிடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நானே சொல்லிவிடலாம் என்று பலமுறை தோன்றியிருக்கிறது. சொன்னால் அம்மாவுக்கு விஷயம் தெரிந்துவிடும். ஆனால் மாமா சொன்ன அந்த வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ள என்னால் ஆகாது. இதை ஒரு இதழுக்கு எழுதட்டுமா என்று மாமாவிடமே கேட்டேன். நான் எழுதி இதழில் வருவதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவது அவருக்குத் தெரியும். "எழுதிக்கோ. புஸ்தகம் வர்றதுக்குள்ள சொல்லிடறேன்."

போன ஞாயிற்றுக்கிழமை வந்தார். மேசையில் ரசமட்டத்தை வைத்தார். குமிழி நடுவில் நின்றது. பேப்பர் மடித்துச் செருக வேண்டியிருக்கவில்லை. அம்மா டீக் கெட்டிலும் மூன்று கிளாஸ்களும் கொண்டுவந்து, வழக்கம்போலக் கெட்டிலை என்னிடம் நீட்டினாள்.

"அவ எதுக்கு? நீயே ஊத்து" என்றார் மாமா.

"நான் ஊத்தினா மேசைதான் டீ குடிக்கும். தெரியாதா உங்களுக்கு?"

"குடிக்கட்டும். ஊத்து."

"என்னண்ணா இன்னிக்குப் புதுசா?" என்றபடி அம்மா ஊற்றினாள். ஒரே ஒழுக்காக, கிளாஸின் நடுவில், விளிம்புக்கு ஒரு நூல் கீழே வந்து நின்றது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும்.

"அட, இன்னிக்கு என்னமோ சரியா வந்துடுச்சு!" அம்மாவுக்கே சிரிப்பு.

மாமாவின் கை சட்டைப்பைக்குப் போனது. மரத்துண்டு பாதி வெளியே வந்தது. "இல்லம்மா, அது வந்து..."

"சொல்லுங்கண்ணா."

மரத்துண்டை உள்ளே தள்ளினார். கைக்குட்டையை எடுத்து, ஒரு சொட்டும் சிந்தாத மேசையை மூலைக்கு மூலை துடைக்க ஆரம்பித்தார்.