குகதாசனின் மூன்றாவது வான்கோழி

நாற்பத்திரண்டு வயதுவரை குகதாசன் யாருக்கும் "இல்லை" என்று சொன்னதில்லை. அதை நற்குணம் என்று சொன்னவர்கள் உண்டு. நற்குணத்துக்கும் சோம்பலுக்கும் வெளிப்பார்வைக்கு அதிக வித்தியாசம் கிடையாது. மறுப்பவன் காரணம் சொல்ல வேண்டும். ஒத்துக்கொள்பவனுக்கு ஓர் "ஓம்" போதும்.

அந்த ஓமினால்தான் 1987இல், கிறிஸ்மஸுக்கு முதல்நாள், ஐந்து கிலோ வான்கோழியை நெஞ்சோடு அணைத்தபடி அவர் லண்டனில், வீட்டுக்குப் போகும் ஹரோ பஸ்ஸில் ஏறினார். பார்க் ரோயலில் உறைந்த உணவுகளை அடுக்கி வைத்து அனுப்பும் குளிர்க் களஞ்சியம் ஒன்றில் அவருக்கு வேலை. முதலாளி ஹார்ப்பர் ஆண்டுதோறும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் தன் கையாலேயே ஒரு வான்கோழி கொடுத்து, கை குலுக்கி, பட்டியலில் சரி போடுவார். குகதாசன் சைவம். அவர் மனைவி கமலாம்பிகை அவரைவிடச் சைவம். அந்த நாட்களில் பிள்ளையார் கதை விரதம் வேறு.

பறவையைப் பஸ் இருக்கையில் விட்டுவிட்டு இறங்கினார். வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி பின்னால் ஓடிவந்து மூச்சிரைக்க அதைத் திருப்பிக் கொடுத்தாள். அவளுக்கு இரண்டு தரம் நன்றி சொன்னார். பிறகு இரண்டு இரயில் மாறி, நகரத்தின் மறுகோடியிலிருந்த சட்டனுக்குப் போய், கூடப் படித்த சூசைதாசனிடம் ஒப்படைத்தார். சூசைதாசன் கத்தோலிக்கர், தயக்கமில்லாமல் சாப்பிடுபவர். அடுத்த வருடம் பஸ் பரிசோதனை இல்லாமல் நேரே சட்டன்.

மூன்றாம் வருடம் சூசைதாசன் தங்கையைப் பார்க்க ஜெர்மனிக்குப் போய்விட்டார். கமலாம்பிகை முன்கூட்டியே சொல்லி வைத்தாள்.

"இஞ்சருங்கோ, அது படியேறி வந்துதெண்டா நான் படியிறங்கிப் போவன்."

"ஓம்" என்றார் குகதாசன்.

வேண்டாம் என்று சொல்லிவிடலாமே என்றால், அந்த வருடம் அது முடியாது. சரக்குப் பெறும் மேசையில் இருந்த கிழவர் ஜனவரியில் ஓய்வு பெறுகிறார். லொறியில் வரும் பெட்டிகளைத் திறந்து பார்த்துக் கையெழுத்துப் போடுகிற வேலை. பக்கத்தில் ஹீட்டர் உண்டு. மைனஸ் இருபது பாகை உறைகுளிரில் மூன்று வருடம் நின்று, குகதாசனின் விரல்கள் சட்டைப் பொத்தானைப் பூட்ட மறந்திருந்தன. அந்த இடத்துக்கு ஆளைத் தெரிவு செய்பவர் ஹார்ப்பர்.

"என்னைப் பாருங்க," என்றார் கூட வேலை செய்த வாசுதேவன், கும்பகோணத்துக்காரர். "வேணாம்னு சொன்னேன். ஒரே வார்த்தை. நாலு வருஷமா இங்கயே உறைஞ்சு கிடக்கேன்."

ஆகவே குகதாசன், பகல் சாப்பாட்டு நேரத்தில், தன் பறவையை யாராவது எடுத்துக்கொள்வீர்களா என்று கன்ரீனில் கேட்டார். தனக்குக் கிடைப்பதே போதும் என்றான் துருக்கிக்கார மெஹ்மெத்.

"உன் நாட்டுப் பறவைதானே, நீயே வைத்துக்கொள். நாங்கள் இதை ஹிந்தி என்போம். இந்தியாவிலிருந்து வந்தது."

"இங்கிலீஷ்காரர் 'டேர்க்கி' என்று உங்கள் நாட்டின் பெயரையல்லவா வைத்திருக்கிறார்கள்?"

"அவர்களுக்கு எதுதான் தெரியும்?"

போலந்துக்காரர் மெஹ்மெத்தின் பக்கம்: அங்கே இண்டிக், அதுவும் இந்தியாதான். பிரெஞ்சுக்காரி தாங்களும் இந்தியக் கோழி என்றுதான் தொடங்கினோம், பிறகு கோழியை விட்டுவிட்டோம் என்றாள். கோழிக்கோட்டுப் பறவை என்று துறைமுகத்தையே குறித்துச் சொன்னார் ஒல்லாந்துக்கார லொறிச் சாரதி. அதெல்லாம் பிழை, அது பெரு, தென்னமெரிக்காவில் இருக்கிறது என்று கரண்டியால் மேசையைத் தட்டினாள் சமையற்காரி லூசியா, போர்த்துக்கல்காரி. ஒருவரும் தங்கள் நாட்டுப் பெயரை வைத்திருக்கவில்லை என்பதைக் குகதாசன் கவனித்தார். விசா இல்லாமல் வந்தவனைப் போல அதை ஒவ்வொருவரும் அடுத்த வாசலுக்குத் தள்ளினார்கள். வாக்கெடுப்பில் இந்தியா வென்றது.

"நான் இலங்கை," என்றார் குகதாசன்.

"பக்கத்தில்தானே," என்றார்கள்.

சண்டை முதலாளியின் காதுக்கும் எட்டியது. மூன்று மணிக்கு, ஹார்ப்பர் இரு கைகளிலும் வான்கோழியை ஏந்தியபடியே கேட்டார்: "தாஸ், உங்கள் மொழியில் இதற்கு என்ன பெயர்? எந்த நாடு?"

"வான்கோழி, சேர். வான் என்றால் ஆகாயம். நாங்கள் எந்த நாட்டிலும் பழி போடவில்லை."

"இது பறக்காதே."

"பறக்காது, சேர். பெயரும் பிழைதான். இங்கே சொன்ன பெயர் எல்லாமே பிழை. பெட்டியில் ஒட்டியிருப்பது ஒன்று, உள்ளே இருப்பது ஒன்று."

ஹார்ப்பர் சிரித்தார். சிரித்துக்கொண்டே பறவையை நீட்டினார். குகதாசனின் கைகள் பழக்கத்தில் பாதி தூரம் போய்விட்டன. வாய்தான் முந்திக்கொண்டது.

"இல்லை, சேர். நான் மாமிசம் சாப்பிடுவதில்லை."

வரிசையில் பின்னால் நின்ற வாசுதேவன் கண்ணை மூடிக்கொண்டார்.

"அப்படியானால் முந்திய இரண்டும்?"

"சட்டனுக்குப் போயின."

"ஹரோவிலிருந்து சட்டனுக்கா? எதற்கு?"

"நீங்கள் கையால் தந்ததை எறிய ஏலாமல்."

ஹார்ப்பர் பறவையைக் கீழே வைத்தார். வாசுதேவனைப் பார்த்தார். "நீயுமா சாப்பிடுவதில்லை? உனக்கு என்னைப் பிடிக்கவில்லை என்றல்லவா நினைத்தேன்?"

"காரணம் கேக்கலையே, சார்," என்றார் வாசுதேவன்.

ஹார்ப்பர் பேனாவின் மூடியை உருட்டினார். பிறகு, ஒட்டியிருப்பதை நம்பாமல் உள்ளே பார்க்கும் ஆள்தான் அந்த மேசைக்கு வேண்டும், ஜனவரி முதல் தாஸ் அங்கே உட்காரட்டும் என்றார். வாசுதேவனைக் குளிரறையிலிருந்து லொறி ஏற்றும் வாசலுக்கு மாற்றினார். அங்கும் குளிர்தான், ஆனால் இயற்கையான குளிர். பட்டியலில் சரி போடாமல் விட மனம் வராததால் இருவருக்கும் தன் அலமாரியிலிருந்து ஆளுக்கொரு பிஸ்கட் டின் கொடுத்தார்.

அன்று மாலை வீட்டுப் படிகளைக் குகதாசன் இரண்டு இரண்டாக ஏறினார். கமலாம்பிகை கதவைப் பாதி திறந்து கையைத்தான் முதலில் பார்த்தாள். டின். முகம் தெளிந்தது. மேசை வேலை கிடைத்த கதையைக் கேட்டாள், அவருடைய விரல்களைப் பிடித்துப் பார்த்தாள், தேத்தண்ணி வைத்தாள். பிறகு டின்னைத் திருப்பி, அடியில் இருந்த சின்ன எழுத்தை வெளிச்சத்துக்குப் பிடித்து வாசித்தாள்.

"இதிலை மாட்டுக் கொழுப்பு எண்டு போட்டிருக்கு."

குகதாசன் தேத்தண்ணியைக் கீழே வைத்தார்.

"உங்களுக்குத் தை மாசத்திலையிருந்து பெட்டி பாத்துக் கையெழுத்து வைக்கிற வேலை எண்டோ சொன்னனியள்?"

"ஓம்" என்றார் குகதாசன்.